அடக்கமும் அச்சமும்

மக்கட் பண்புகளுள் அடக்கம் தலைசிறந்தது என்பதனை எல்லாச் சமயத்தாரும் உடன்படுவர். சைவ நன்மக்களோ அதனைச் சீலத்தின் உயிராகவே போற்றி வருகின்றனர். ஆயின், அடக்கத்தின் உடையை உடுத்துக்கொண்டு பிறிதொன்று நம் நெஞ்சினுட் புகுந்து, அதற்குரிய இருக்கையில் அமர்ந்து, அதற்குரிய மதிப்பினையும் பெற்று வருதல் உண்டு. அஃது அச்சம். செய்யத்தக்க நற்பணி ஒன்று முன்னிற்க, அதனைச் செய்தற்கு வேண்டும் பயிற்சியும் வாய்ப்பும் தன்பால் இருப்பவும், 'யான் அதற்குத் தகுதியுடையேனல்லேன்' என்று ஒருவன் ஒதுங்குவானாயின், அவ்வொதுக்கம் அடக்கமா, அச்சமா? இவ்விரண்டனையும் பிரித்தறிவது எங்ஙனம்? அச்சமாயின், அதனை நீக்குந் துணிவு எங்கிருந்து வருவது? இவ்வினாக்களைச் சித்தாந்த நெறி நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு யான் புகுந்தது பிறர் குற்றங் கூறுதற்கு அன்று. என் குற்றம் ஒன்றனை யான் கண்டமையினாலேயாம். ஆகலின் அதனை முதற்கண் கூறுகின்றேன். 1992ஆம் ஆண்டில், எனக்கு 32 அகவை நிகழ்ந்தபொழுது, எனக்குச் சாத்திரம் பயிற்றிய ஆசிரியர் என்னை அழைத்து, உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணத்துக்கு, முதற்கண் பயில்வார்க்கு விளங்குமாறு எளிய நடையில் ஒரு விளக்கம் எழுதுக எனப் பணித்தார். யானும் தொடங்கி, சில ஆண்டுகளில் ஏழு குறிப்பேடுகள் நிரம்ப எழுதினேன். ஆனால் அதனை முடித்து வெளியிட்டிலேன். ஆசிரியர் கேட்டபொழுதெல்லாம், 'இன்னுஞ் சில இடங்கள் ஐயமாக உள்ளன. தெளிந்தபின் தருகின்றேன்' என்றேன். அவர் இறைவனடி சேர்ந்தபின் கேட்பாரும் இலராயினர். குறிப்பேடுகள் பெட்டியுள் துயின்றன. 'நம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எழுதுதல் மிகை' என்று எனக்கு யானே சொல்லிக்கொண்டேன். அதனை அடக்கமென்றே முப்பதாண்டுக் காலம் நம்பியிருந்தேன்.

சின்னாட்களுக்கு முன் இளைஞர் ஒருவர் அந்நூலைப் பாடங்கேட்க விரும்பி என்பால் வந்தார். மாயாவாதி முதலாகச் சைவவாதி ஈறாக ஒன்பதின்மர் கூற்றும் ஒருவர் கூற்றை ஒருவர் மறுத்து வருமாறு அந்நூல் அமைந்திருத்தலின், யார் கூற்று எங்கே முடிகின்றது என்பதறியாது அவர் இடர்ப்பட்டார். அவ்விடர்ப்பாடு கண்டு என் குறிப்பேடுகளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு திங்கள் கழித்து அவற்றைத் திருப்பித் தந்தபொழுது அவர், "ஐயா, இவற்றை ஏன் அச்சிடவில்லை?" என வினவினார். "பிழையிருக்கும், தம்பி" என்றேன். "அச்சிட்டால், பிழையென்று காண்பவர்கள் தங்களுக்குச் சொல்வார்களே, பெட்டிக்குள் இருந்தால் யார் சொல்வார்கள், ஐயா?" என்றார். அவர் அதனை எள்ளலாகக் கூறிற்றிலர், விளங்காமையாற் கேட்டார். எனக்கோ விடை கூற நா எழவில்லை.

அன்றிரவு பிறிதொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. பல்லாண்டுகட்கு முன் வேற்றூர் அன்பர் ஒருவர் அந்நூலுக்குத் தாம் எழுதிய விளக்கத்தை அச்சிட்டு எனக்கொரு படி விடுத்திருந்தார். அதனைக் கையில் எடுத்தவுடன் யான் செய்தது யாது? அதன்கண் உள்ள வழுக்களைத் தேடினேன். இரண்டு வழுக்கள் கிடைத்தன, உள்ளம் மகிழ்ந்தது. உண்மையான அடக்கமுடையார்க்கு, தாம் செய்யாத பணியைப் பிறரொருவர் செய்துவிட்டாரெனின், அதனால் உவகையே மிகும். எனக்கு உண்டானதோ உறுத்தல். என் நெஞ்சினுள் இருந்தது அடக்கமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி அச்சத்தின் இயல்பு யாதெனச் சாத்திர முறையால் ஆராய்வாம். உயிர் இயல்பிலே வியாபகமுடையது; அறிவும் இச்சையும் செயலும் உடையது. அங்ஙனமாகிய உயிரை ஆணவ மலம் அநாதியே பற்றி, அதன் வியாபகத்தை மறைத்து, அணுத்தன்மைப்படுத்தி நிற்கின்றது. அணுத்தன்மைப்படுத்துதலினாலேயே அதற்கு ஆணவம் என்னும் பெயர் போந்தது என்ப. உலக வழக்கில் ஆணவம் என்னும் சொல் செருக்கு ஒன்றனையே குறித்து வழங்குகின்றது. சாத்திரத்தில் அதன் பொருள் அதனினும் ஆழமுடையது. செருக்கு என்பது சுருங்கிய உயிர், தன் சுருக்கத்தை அறியாது, 'யான்' என்று வீங்குதல். அச்சம் என்பது அவ்வாறே சுருங்கிய உயிர், அவ்வீக்கம் குத்துண்டு போமோ என ஒடுங்குதல். வீங்குதலும் ஒடுங்குதலும் ஒரு நோயின் இருவேறு குறிகளேயன்றி இருவேறு நோய்களல்ல.

அற்றேல், இருபா இருபஃது அச்சத்தை மாயையின் குணங்களுள் வைத்தன்றோ எண்ணிற்று. அதனை ஆணவத்தின்பாற் படுத்தல் எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். உடல், மனை, பொருள், புகழ் என்பன மாயையின் காரியமும் அவற்றைச் சார்ந்தனவுமாம். அச்சம் அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டே தோன்றுதலின் மாயையின் குணமாக எண்ணப்பட்டது. ஆயினும் அவற்றைத் தானெனவும் தனதெனவும் உயிர் கொள்ளுமாறு அதன் அறிவை மறைத்து நிற்பது ஆணவமே. விறகு பற்றி எரியும் தீயை விறகுத் தீ என்பேமாயினும், எரிப்பது தீயேயன்றி விறகன்று. அதுபோல, என் குறிப்பேடுகளைப் பெட்டியுள் வைத்துப் பூட்டியது, பிறர் நகைப்பரோ என்னும் எண்ணம். அவ்வெண்ணத்துக்கு வேராய் நின்றது, நகைக்கப்படலாகாத ஒருவன் யான் என்னும் கொள்கை. அச்சத்தைத் தோண்டிச் சென்றால் அடியிற் கிடைப்பது செருக்கே.

இவ்வுண்மையை உணர்வேமாயின், துணிவைப் பற்றி உலகினர் கொண்டுள்ள கருத்தொன்று பிழையாதல் விளங்கும். 'உன்னை நம்பு, உன் ஆற்றலைப் பெரிதாக எண்ணு, அச்சம் நீங்கும்' என்று கூறுவார் பலர். இஃது ஒடுக்கத்துக்கு வீக்கத்தை மருந்தாகக் கொடுத்தலாம். சிறிது காலம் பயன்படுவது போலத் தோன்றினும், புகழ்ந்தார் இகழ்ந்தவழி, வென்ற ஒருவன் தோற்றவழி, வீக்கம் தணிந்து முன்னையினும் மிக்க ஒடுக்கம் உண்டாகும். சித்தாந்த நெறி கூறும் மருந்து வேறு. சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் மல நீக்கத்துக்கு வழியாகக் கூறுவன இரண்டு: இறைவனோடு ஒன்றுபட்டு ஏகனாதல் ஒன்று, அவன் பணியிலே வழுவாது நிற்றல் மற்றொன்று. அவ்விரண்டாவதாகிய இறைபணி நிற்றலிலேதான் துணிவின் ஊற்று உளது என்பது அடியேன் துணிபு.

அஃது எவ்வாறெனின், ஒருவன் ஒரு செயலைத் தன் செயலெனக் கொண்டு செய்யும்பொழுது, அதன் பயனாகிய புகழும் பழியும் அவனுக்கே உரியவாகின்றன. ஆகவே அவன் அஞ்சுகின்றான். பணியாளனோ தலைவன் ஏவியதைச் செய்பவன். நன்கு செய்தல் வேண்டும் என்னும் கருத்து அவனுக்கு உண்டு. 'எனக்கு என்னாம்' என்னும் கவலை இல்லை. அரசன் ஓலையைச் சுமந்து செல்லும் தூதன், தன் வலிமையை நினைந்து வேற்றரசன் அவையுட் புகுவானல்லன். தன்னை விடுத்தவனை நினைந்தே புகுவான். ஐம்புலனாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை எட்டாஞ் சூத்திரம் காட்டுகின்றது. குரு வந்து அவனுக்கு உணர்த்துவது, 'நீ பெரியை' என்பதன்று. 'நீ இன்னானுடைய மகன்' என்பதே. தான் யாருடையான் என்பதனை உணர்ந்தபொழுதே வேடர்மாட்டு அவனுக்கிருந்த அச்சமும் அவரொடு கொண்ட உறவும் ஒருங்கே நீங்குகின்றன.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'எல்லாம் இறைவன் செயலாயின், உயிர் செய்யத்தக்கது யாது? தலைமை தாங்குதலும், நூல் செய்தலும், புதுவதாக ஒன்றனைத் தொடங்குதலும் தற்போதத்தின் எழுச்சியே யாகலின், அவற்றைத் துறந்து வாளா இருத்தலன்றோ அடியார்க்கு இயல்பு?' என்பர் சிலர். இது மயக்கம். தற்போதங் கழன்று நிற்றல் வேறு. செயலற்று மடிந்திருத்தல் வேறு. ஆணவ இருளிற் கிடந்த உயிரின் செயலாற்றலைச் சிறிதே விளக்குதற்குக் கலையும், அறிவாற்றலை விளக்குதற்கு வித்தையும், விழைவை விளக்குதற்கு அராகமும் இறைவனால் தரப்பட்டன என நம் நூல்கள் கூறுகின்றன. விடியுந்துணையும் வழிகாட்டுமாறு ஏற்றித் தந்த விளக்கை, 'இது ஞாயிறன்று' என்று கூறி அவித்துவிடுபவன் இருளையே விரும்பினவனாவான். கல்வியும் கருவிகளும் காலமும் வாய்க்கப்பெற்றும் பணி செய்யாதிருத்தல் சிவனுக்கு அடங்குதலாகாது. கேவலத்துக்கு மீளுதலையே ஒக்கும்.

இவ்வுண்மைக்கு நம் சமய வரலாற்றிலே சான்றுகள் பல உள. திருநாவுக்கரசர், பல்லவ மன்னன் அழைப்பித்தபொழுது, அவன் ஆணைக்குக் கீழ்ப்படியாது நின்றார். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அவரை அசைத்தில. அத்துணை உறுதியுடையார் தம் வாழ்நாளெல்லாம் கையில் தாங்கியது யாது? உழவாரம். மன்னனுக்கு வளையாத அம்முதுகு திருக்கோயின் முன்றிலிலே புல் செதுக்குதற்கு வளைந்தது. இவ்விரண்டும் முரணல்ல. கோயில் முன்றிலிற் குனியக் கற்றமையினாலேயே அரண்மனை வாயிலில் நிமிர்ந்து நிற்றல் அவர்க்கு இயல்பாயிற்று.

இரண்டாவது சான்று அருணந்தி சிவாசாரியர் வரலாறு. அவர் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டாரின் தந்தையார் அச்சுத களப்பாளர்க்குக் குலகுரு. குழவிப் பருவத்தே பரஞ்சோதி முனிவரால் அருளப்பெற்ற மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் மாணாக்கர்க்குச் சாத்திரம் உணர்த்துகின்றார் எனக் கேட்டு, பண்டிதர் அங்குச் சென்றார். ஆணவத்தின் சொரூபம் யாது என அவர் வினவ, மெய்கண்டார் மறுமொழி கூறாது அவரையே நோக்கினர் என்பது வரலாறு. நின்ற அந்நிலையே ஆணவத்தின் வடிவம் என உணர்ந்த பண்டிதர் அவர் திருவடியில் வீழ்ந்து மாணாக்கராயினர்.

இவ்வரலாற்றைப் பல்காற் படித்தும் பாடஞ் சொல்லியும் வந்த யான், மெய்கண்டார் பெருமைக்குச் சான்றாகவே அதனைக் கொண்டிருந்தேன். இப்பொழுதோ அருணந்தியாரின் துணிவே என் கண்முன் நிற்கின்றது. ஆகமமெல்லாம் வல்லவரெனப் பெயர் படைத்த முதியவர், தம் மாணாக்கர் பலரும் காண, ஓர் இளஞ்சிறுவர் முன் 'யான் அறியேன்' என நிற்றல் எளிதோ? அவர் அங்ஙனம் தம்மை இழந்தமையினாலே நாம் பெற்றது சிவஞானசித்தியார். பரபக்கத்திலே பிற மதத்தார் அனைவரையும் எதிர்நின்று வாதிடும் அவ்வுறுதி எங்கிருந்து வந்தது என வினவின், திருவெண்ணெய்நல்லூரில் வீழ்ந்த அவ்வொரு வீழ்ச்சியிலிருந்தே வந்தது என்று கூறலாம். இழிவுக்கு அஞ்சாதவரே எதிர்ப்புக்கும் அஞ்சார்.

மூன்றாமவர் உமாபதி சிவாசாரியர். தில்லைவாழந்தணர் மரபினர், பல்லக்கும் பகற்பந்தமுமாகிய சிறப்புக்கள் உடையவர். மறைஞான சம்பந்தரின் ஒரு சொல் கேட்டவளவிலே பல்லக்கினின்றும் இறங்கி அவரைப் பின்தொடர்ந்தார். நெசவு செய்வார் தம் ஆசிரியர்க்கு வார்த்த கூழின் எச்சிலைத் தாமும் உண்டார். தம் மரபினரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியிலே வாழ்ந்தார் என்பர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு நூல்களை அருளியவர் அவரே. சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கிறித்து ஆண்டு 1313இல் எழுந்ததென்பது அந்நூலாலேயே அறியப்படும். தம் குலத்தாரின் மதிப்பை இழந்த பின்னும் ஒருவர் தமக்குள்ளே கசந்து போகாது, ஒன்பது கொள்கையினரின் கூற்றுக்களையும் அவரவர் வாயினாலேயே நேர்மையாகக் கூறுவித்து ஆராய்ந்தார் எனின், அத்துணிவின் தூய்மை எத்தகையது! அத்தகையார் நூலுக்கு விளக்கம் எழுதிவைத்து, நாலுபேர் நகைப்பாரென்று யான் பெட்டியைப் பூட்டினேன் என்பது நினைக்குந்தோறும் நாணுத் தருகின்றது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1822ஆம் ஆண்டில் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டில், தாம் ஊதியம் பெற்று ஆசிரியராக இருந்த பாதிரிமார் பள்ளியினின்றும் விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்பொழுது அவர்க்கு 26 அகவையும் நிரம்பவில்லை. கைப்பொருளோ பெரும்பதவியோ அவர்பால் இல்லை. நூல்கள் வேண்டுமென உணர்ந்தார்; அச்சியந்திரம் வாங்குதற்கு 1849ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்றார். அச்செலவிலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். செய்யுளே நூலெனக் கருதப்பட்ட காலத்தில் பெரியபுராணத்தை உரைநடையில் எழுதி 1852ஆம் ஆண்டில் வெளியிட்டதும், சிறுவர்க்கெனப் பாலபாடம் எழுதியதும் சிறு துணிவல்ல. 'பண்டிதர் எழுதத்தக்கதோ இது' என எண்ணியிருப்பாராயின் பாலபாடம் பிறந்திராது.

நாவலர் கொண்ட கருத்துக்கள் அனைத்தும் இன்று நமக்கு உடன்பாடாதல் வேண்டுமென்பதில்லை. சாதி வேறுபாட்டைப் பேணுமாறு அவர் எழுதியவற்றைக் கூழுண்ட உமாபதியார் வரலாற்றோடு வைத்து நோக்குவார்க்கு வேறுபாடு விளங்கும். இதனை ஈண்டுக் கூறுவதற்குக் காரணமுண்டு. துணிவு ஒருவரைப் பிழையற்றவராக்குவதில்லை. பெரியோர் செய்த பணியிலும் பிழை உண்டு. அப்பிழையைப் பின்வந்தோர் கண்டு திருத்தும் உரிமையும் உண்டு. பிழையே வாராத ஒரு நாளில் தொடங்குவேன் என்பவன் எந்நாளும் தொடங்கான்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) வரலாறு இதனை இனிது விளக்கும். திருவாவடுதுறையிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல நூல்கள் பயின்று, 1880ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் அவர். அவ்வாண்டிலே சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவ, தாம் கற்ற நூல்களின் நெடிய வரிசை அவ்வினாவுக்கு விடையாகாமையைக் கண்டார். கண்டவர் சினந்திலர், ஒளிந்திலர். ஏடுகளைத் தேடினார், சைன நண்பர்களிடம் அவர்கள் சமய வழக்குக்களைக் கேட்டுக் கற்றார், சைவச் சூழலிலே வளர்ந்தவர் சைன காவியம் ஒன்றனை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அதனோடு நின்றுவிடாது, மேலும் கிடைத்த பிரதிகளைக் கொண்டு பின்வந்த பதிப்புக்களிலே திருத்தினார். அறியாமையை ஒப்புக்கொள்ளுதல், கற்றல், வெளியிடுதல், திருத்துதல் என்னும் இந்நான்கனையும் ஒருசேரக் கொண்டதே உண்மையான அடக்கம். யானோ முதல் இரண்டோடு நின்று, அவற்றுக்கே அடக்கமெனப் பெயர் சூட்டினேன்.

இத்துணையுங் கூறியது, கல்லாதார் எவரும் எதனையும் துணிந்து எழுதலாம் என்பதற்கன்று. தகுதி பெறாது தலைமைக்கு விரைதலும், நூலை முற்றக் கல்லாது உரைகாணப் புகுதலும் முன்னர்க் கூறிய வீக்கத்தின்பாற் படும். ஆகலின் அடக்கத்தையும் அச்சத்தையும் பிரித்தறிதற்கு மூன்று குறிகளை என் பட்டறிவினின்றும் கூறத் துணிகின்றேன். முதலாவது, அடக்கம் பணியை நோக்கும். அச்சம் தன்னை நோக்கும். 'இப்பணி நன்கு நடைபெறுமோ' எனக் கவல்வது முன்னது; 'என்னை என் சொல்வார்களோ' எனக் கவல்வது பின்னது. இரண்டாவது, அடக்கம் திருத்தத்தை நாடிச் செல்லும். அச்சம் திருத்தப்படாமைக்கே மறைந்து கொள்ளும். தகுதியில்லை என உண்மையாகவே உணர்ந்தவன் தகுதியைத் தேடி நாளையே புறப்படுவான், முப்பதாண்டு காத்திரான். மூன்றாவது, தான் ஒதுங்கிய பணியைப் பிறர் செய்து முடித்தவழி அடக்கம் மகிழும், அச்சம் குற்றந்தேடும். இம்மூன்றனையும் தனித்திருந்து தன் நெஞ்சிலே வைத்து நோக்குவானுக்கு உண்மை ஒளியாது.

தன் அச்சத்தைப் பற்றிக் கூறியபின், பிறரை அஞ்சுவித்தலைப் பற்றியும் கூறுதல் கடனாகும். ஆசிரியர் நிலையிலும் மூத்தோர் நிலையிலும் இருப்பேம் இதில் பெருங்குற்றமுடையேம். மாணாக்கன் ஒருவன் முதன்முறையாக அவையேறிப் பேசும்பொழுது, அவன் கூறிய பொருள் பத்திருக்க, ஒற்றுப்பிழை ஒன்றனைச் சுட்டி நகைத்தல் புலவரிடையே ஒரு வழக்கமாகவே உளது. யானும் நகைத்ததுண்டு. அந்நகையால் தமிழ் வளர்ந்ததோ? அம்மாணாக்கன் மறுமுறை அவையேறாமையே விளைந்தது. நகைப்பவன் உள்ளத்தும் அச்சமே உளது என்பதனை இப்பொழுது உணர்கின்றேன். பிறனைச் சிறியனாக்குதல், தான் சிறியனாகக் காணப்படாமைக்குச் செய்துகொள்ளும் காவல். இருபா இருபஃது ஆணவத்தின் குணங்களுள் நகையையும் ஒன்றாக எண்ணியதன் நுட்பம் இப்பொழுது விளங்குகின்றது. பிழையைச் சுட்டாதொழிதல் வேண்டுமென்பதில்லை. சுட்டியபின் அம்மாணாக்கன் மீண்டும் வருவானாயின் அது திருத்தம். வாரானாயின் அது தண்டம்.

தலைமை என்பதும் இதனாலே விளங்கும். முன்னிற்பவனே தலைவன் என்று உலகம் கருதும். திருமடங்களின் மரபிலே தலைமை என்பது தொண்டின் பொறுப்பேயாம். ஓர் ஊரிலே திருமுறை ஓதுவார் இல்லை. பாடஞ் சொல்வார் இல்லை. இருந்த ஒரு வகுப்பும் நின்றுவிட்டது என வைத்துக்கொள்வோம். அவ்வூரிலே ஓரளவு பயின்ற ஒருவர், 'யான் பண்ணிசையில் வல்லேனல்லேன்' என்று கூறி இருந்துவிட்டால், வல்லார் வருந்துணையும் அவ்வூர்ச் சிறுவர்க்குத் தேவாரம் எவ்வாறு செவியேறும்? அவர் கிழமைக்கு ஒரு நாள் நான்கு சிறுவரைக் கூட்டி, தாம் அறிந்த ஒரு பதிகத்தைப் பிழையற உச்சரிக்கக் கற்பித்தல் போதும். தம்மினும் வல்லார் ஒருவர் வந்தவுடன் இருக்கையை மகிழ்ந்து அவர்க்கு ஈதல் வேண்டும். தொடங்குதற்கும் துணிவு வேண்டும். விடுத்து எழுதற்கும் துணிவு வேண்டும். இரண்டும் இறைபணி என்னும் உணர்வினாலேயே எளியவாகும்.

அத்தகைய துணிவு வேண்டுவார் அதனை முன்னரே பெற்றுக்கொண்டு பின்னர்ப் பணியிலே புகுவேம் எனக் காத்திருத்தல் வேண்டா. நீந்தக் கற்றபின் நீரில் இறங்குவேன் என்றல் கூடாமைபோல, அச்சம் அற்றபின் பணி செய்வேன் என்றலும் கூடாது. அச்சத்தோடே தொடங்குக, பணியை நோக்கிய கண் பணியிலேயே நிற்க நிற்க, தன்னை நோக்கிய கண் தானே மூடும். இருவினையொப்பு என்று நூல்கள் கூறும் உயர்நிலை நம்மனோர்க்கு எளிதிற் கைகூடுவதன்று. ஆயினும் அதன் நிழலிலே நின்று, புகழ் வந்தவழி இது பணிக்குரியது எனவும், பழி வந்தவழி இது திருத்தத்துக்குரியது எனவும் கொள்ளப் பழகுதல் எவர்க்கும் இயல்வதே.

இனி என் செய்தியைக் கூறி முடிக்கின்றேன். ஏழு குறிப்பேடுகளையும் பெட்டியினின்றும் எடுத்தேன். சில பக்கங்களைச் செல் அரித்திருந்தது. ஐயமாக உள்ளன என்று என் ஆசிரியர்க்கு யான் கூறிய இடங்களை எண்ணிப் பார்த்தேன், அவை பதினொன்றே. அவருடைய காலத்திலேயே அவரைக் கேட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதிலே தெளிந்திருக்கும். இனி அவரைக் கேட்டற்கு இயலாது; அச்சத்துக்கு யான் கொடுத்த விலை அது. அவ்விளைஞர் எழுதிப் படியெடுக்க உடன்பட்டுள்ளார். அப்பதினொரு இடங்களையும் மறையாது, 'இவ்விடம் எனக்கு விளங்கிற்றிலது' என வெளிப்படையாகக் குறித்தே அச்சிடுதற்குத் துணிந்துள்ளேன். அன்றியும், யான் இரண்டு வழுக்கள் கண்டு மகிழ்ந்தேனே, அந்நூலாசிரியர்க்கு அவ்வழுக்களையும், அதனினும் மிகுதியாக அந்நூலால் யான் அறிந்துகொண்டவற்றையும் குறித்து, காலந்தாழ்த்தமைக்குப் பொறுத்தருளுமாறு ஒரு திருமுகம் விடுத்துள்ளேன்.

நூல் வெளிவந்தபின் அதன்கண் பிழை காணும் பெரியோர் தெரிவித்தருள்க. முன்பு இவ்வேண்டுகோளை நூன்முகங்களிலே கண்டபொழுது, அதனை வெறும் முகமன் என்றே எண்ணியிருந்தேன். இன்று அதுவே என் உண்மை விண்ணப்பம். இதனைப் படிக்கும் அன்பருள் எவர் இல்லத்தேனும் பெட்டி ஒன்று பூட்டியிருக்குமாயின், இன்றே அதனைத் திறந்து பார்த்தருள்க. அதனுள் இருப்பது நம்முடையதன்று, நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது.

திருச்சிற்றம்பலம்.